கீழ்ப்படியத் தாமதம்

எங்கள் ஆய்வக ஊழியர் சங்கம் வெளியிடவிருக்கும் தமிழ் மலருக்காக இளைய நண்பர்கள் இருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். மருந்துக்கு மடியாத கிருமியின் குணத்தைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பது கேள்வி. எதிர்ப்பு, தடுப்பாற்றல், தாங்குதிறன், மீறுதிறன் என நான்கு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். வாழ்நாளின் பெரும்பகுதியை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் தேர்வு மதிக்கப்படுமாம். “எதிர்ப்பு என்பதில் கொஞ்சம் அரசியல் வாடை அடிக்கிறது, ஐயா” என்று ஒருவர் அடிக்குறிப்பும் எழுதியிருந்தார்.

அடிக்குறிப்பைப் படித்துச் சிரித்தேன். நான் எளிதில் சிரிப்பவன் அல்லன். அந்த வாடையை ஜப்பானியர் காலத்திலேயே ஒருவர் முகர்ந்து கண்டுபிடித்து, சொல்லைத் தடை செய்தார். மாற்றுச் சொல் தேவைப்பட்டது. அதை உருவாக்கிக் கொடுத்தவன் நான். என் தம்பி வேலாயுதம் இறந்தது அந்தச் சொல்லால். கட்டத்தில் குறியிடுவதற்கு முன் இதைத் தெரிவித்துவிடுவதே முறை.

தொழில் கற்ற ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரியில் ரசாயனம் படித்தேன். ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டான பிளேட்டின் மேல் பேசக் கூடாது என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கற்பித்தார். சிங்கப்பூர் விழுந்ததும் அவர் சிறைக்குப் போனார். பிளேட்டுகள், அவற்றை வெதுவெதுப்பாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டி, நான் ஆகிய மூவரும் சொத்துப் பட்டியலின் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டுப் புதிய நிர்வாகத்துக்குக் கைமாறினோம். ஊரின் பெயர் சியோனான் ஆயிற்று. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. கிருமிகள் மட்டும் பழைய நேரப்படியே வளர்ந்தன.

காலையில் டோக்கியோ இருக்கும் வடகிழக்குத் திசை நோக்கி அனைவரும் குனிந்து வணங்க வேண்டும். எங்கள் அறையின் வடகிழக்கு மூலையில் இன்குபேட்டர் இருந்தது. ஆகவே நாங்கள் நாள்தோறும் வயிற்றுக்கடுப்புக் கிருமிகளை வணங்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். பிளேட்டில் ஊற்றி உறையவைக்கும் அகர் கூழைக் காய்ச்சும் காதர் நாகூர்க்காரர். முதல் நாளே என் காதருகே சொன்னார்:

“சார், ஈசான மூலையில சரியாத்தான் வச்சிருக்காங்க. என்ன, சாமிதான் கொஞ்சம் மாறிப்போச்சு.”

நிலையத்தின் தலைவர் ராணுவ மருத்துவர்; மேஜர் என்று அழைப்போம். ஜெர்மனியில் படித்தவர். அவரை மூடர் என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டுரை சுலபமாகிவிடும். ஆனால் அவர் மூடர் அல்லர். பிளேட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பென்சில் நுனியால் அடிப்புறத்தை மூன்று முறை தட்டுவார். கிருமிக் கூட்டத்தின் நிறத்தை வைத்தே இனத்தைச் சொல்லிவிடுவார்; பெரும்பாலும் சரியாக இருக்கும். கிருமி இருக்கும் மேசையின் முன் உட்காரமாட்டார், எங்களையும் உட்கார விடமாட்டார். வளரும் உயிருக்கு முன்னால் நிற்பதே மரியாதை என்பார். வளராத உயிர்களாகிய எங்களுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

எங்களிடம் இருந்த ஒரே வீரிய மருந்து சல்ஃபா. தஞ்சோங் பகார் துறைமுகக் கொட்டகைகளில் இருந்த தொழிலாளர்களுக்கு, வயிற்றுக்கடுப்பு வந்து மூட்டை தூக்கும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, காலை அணிவகுப்பில் ஆளுக்கு அரை மாத்திரை கொடுக்கும் திட்டத்தைச் சுகாதார அலுவலகம் தொடங்கியது. என் தம்பி அங்கே மூட்டை எண்ணும் கிளார்க். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சிராங்கூன் ரோட்டில் இருந்த என் அறைக்கு வருவான்.

“காலையில ஒரு கும்பிடு, அரை மாத்திரை, அப்புறம் மூட்டை. முழு மாத்திரை கேட்டா முழு சோறும் கேப்பானுங்கன்னு பயம், அண்ணே” என்றான் ஒரு முறை.

அரை மாத்திரையால் கிருமி சாவதில்லை, பயிற்சி பெறுகிறது. இன்று முதலாண்டு மாணவரும் அறிந்த செய்தி இது. நாங்கள் அதைக் கண்ணால் கண்டு அறிய வேண்டியிருந்தது.

கண்ட முறையை விளக்குகிறேன். இந்தக் காலத்தில் மருந்து தோய்த்த தாள்வட்டங்களை இயந்திரமே பரப்பி வைக்கிறது என்று கேள்விப்படுகிறேன். நாங்கள் உறைந்த அகரின் நடுவே கத்தியால் விரலகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுவோம். காதர் அதை வாய்க்கால் என்பார். அந்தப் பெயரே எங்கள் அறையில் நிலைத்தது. சல்ஃபா கலந்த அகரை வாய்க்காலில் ஊற்றி உறைய விடுவோம். பிறகு வாய்க்காலின் கரையிலிருந்து வெளிநோக்கி, நேர்க்கோடுகளாக, ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் இழுப்போம். மறுநாள் பார்த்தால், மருந்துக்கு அஞ்சும் கிருமி கரையிலிருந்து தள்ளியே வளர்ந்திருக்கும். நடுவில் வெற்று நிலம் தெரியும். அஞ்சாதது கரை வரை வந்து நிற்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வழக்கமான அகரில் பெப்டோன் என்ற புரதச் சத்து இருக்கும். பெப்டோனைத் தின்று கொழுத்த கிருமியிடம் சல்ஃபா பலிக்காது. எல்லாமே அஞ்சாதவைபோலத் தோன்றும். எனவே பெப்டோனை விலக்கி, உப்பும் சிறிது சர்க்கரையும் இன்னும் ஓரிரு பொருளும் மட்டும் இட்ட மெலிந்த அகரைக் காய்ச்சினோம். ஊரே மரவள்ளிக்கிழங்கில் வாழ்ந்த காலம்.

“கிருமிக்கும் ரேஷன் வந்துடுச்சா?” என்றார் காதர். “இருந்தாலும் அதுக்குச் சீனி போடுறீங்க. எனக்கு வெறும் வெந்நிதான்லா.”

இப்படிப் பட்டினி போட்டும் தஞ்சோங் பகார்க் கிருமிகளில் பல கரை வரை வந்து நின்றன. மூன்று முறை திரும்பச் செய்தேன். பிறகு, பயின்ற ஆங்கிலத்தில், தஞ்சோங் பகாரிலிருந்து வந்தவை மருந்தை எதிர்க்கின்றன என்று அறிக்கை எழுதினேன்.

அதை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர் தலைமை எழுத்தர் சின்னத்தம்பி. யாழ்ப்பாணத்தவர், மூன்று மாத வகுப்பில் ஜப்பானியம் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர். ஆங்கிலம், தமிழ், ஜப்பானியம் மூன்றையும் ஒரே உச்சரிப்பில் பேசும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அகராதியில் ‘எதிர்ப்பு’க்கு முதலில் இருந்த சொல்லை எடுத்து எழுதிவிட்டார். அகராதிகளில் முதலில் நிற்பது கிருமியின் எதிர்ப்பு அன்று, மனிதனின் எதிர்ப்பு.

நான்காம் நாள் ராணுவப் போலீஸ் அதிகாரி ஒருவர் நீண்ட வாளுடன் வந்தார். சின்னத்தம்பியையே மொழிபெயர்க்கச் சொன்னார்.

“காணும், பேர் கேக்கிறார்” என்றார் சின்னத்தம்பி என்னிடம். நெற்றி வியர்த்திருந்தது.

“யார் பெயரை?”

“தஞ்சோங் பகாரிலை எதிர்க்கிற ஆக்களின்ரை பேரை. நீர்தானே எழுதித் தந்தனீர்.”

நான் பிளேட்டைக் காட்டினேன். அதிகாரி உற்றுப் பார்த்தார்.

“எத்தினை பேர் எண்டு கேக்கிறார்.”

“கோடிக்கணக்கில் என்று சொல்லுங்கள்.”

“எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு காணும். அதைச் சொல்லமாட்டன். பேரை மட்டும் சொல்லும்.”

பெயரைச் சொன்னேன். அந்தக் கிருமிக்கு, அதைக் கண்டுபிடித்த ஜப்பானிய அறிஞரின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அதிகாரி அதை எழுதிக்கொள்ளத் தொடங்கி, பாதியில் பேனாவை நிறுத்தினார். அப்போது மேஜர் உள்ளே வந்தார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிட, ஒருவர் பேச மற்றவர் குனிந்தார் என்பது பொருந்தும். குனிந்தவர் எங்கள் மேஜர். எழுத்தில் மன்னிப்பும் கேட்டார் என்று பின்னர் அறிந்தோம்.

மறுநாள் எங்களை நிற்கவைத்து அறிவித்தார். இந்த நகரில் எதையும் எதுவும் எதிர்க்கவில்லை. அச்சொல் எந்த அறிக்கையிலும் இனி வரக் கூடாது. வந்தால், எழுதிய கை அவருடைய பொறுப்பில் இராது. வாளுடன் வந்தவரின் பொறுப்பில் இருக்கும்.

“அப்படியானால் இந்தக் கிருமிகள் செய்வதை எப்படிக் குறிப்பது?” என்று கேட்டேன்.

“நீயே சொல். நீ படித்தவன்” என்றார்.

யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அதை இப்போது வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். “கீழ்ப்படியத் தாமதம்” என்றேன்.

மேஜர் அதை ஆங்கிலத்தில் ஒரு முறையும் தம் மொழியில் ஒரு முறையும் சொல்லிப் பார்த்தார். நாவுக்கு இனித்தது போலும். அன்று மாலை எனக்கு ஒரு டின் மீன் பரிசாக வந்தது. அடுத்த ஞாயிறு தம்பியும் நானும் அதை உண்டோம். கதையைக் கேட்டு அவன் இருமும் வரை சிரித்தான். நானும் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். ஒரு பேரரசையே கேலி செய்துவிட்டதாகவும், அது அவர்களுக்குப் புரியவில்லை என்றும் எண்ணினேன்.

அவர்கள் புரிந்துகொண்ட விதம் இது: சில வாரங்களில் சுகாதார அலுவலகம் எல்லா வார்டுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆய்வக அறிக்கையில் ‘கீழ்ப்படிகிறது’ என்றிருந்தால் வழக்கமான அளவு; ‘கீழ்ப்படியத் தாமதம்’ என்றிருந்தால் மருந்தை இரட்டிக்க வேண்டும். கீழ்ப்படியத் தாமதிப்பவரை வேறெப்படி நடத்துவது? தெருவில் மனிதர்களுக்குப் பயன்பட்ட அதே மருத்துவம்தான்.

சுற்றறிக்கையைப் படித்தபோதே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கிருமி கரைக்கு வந்துவிட்டது என்றால் மருந்தை இரட்டித்தும் பயனில்லை என்பதை என் அறையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் மேஜர் ஒருவரே. அவரும் பேசவில்லை. நாங்கள் இருவரும் பிளேட்டுகளின் முன் மரியாதையுடன் நின்றுகொண்டிருந்தோம்.

ஆக்கிரமிப்பின் மூன்றாம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை வேலாயுதம் வயிற்றுக்கடுப்புடன் வார்டில் சேர்க்கப்பட்டான். மாதிரியை நானே வாங்கி வந்தேன். செவ்வாயன்று கிருமி வளர்ந்தது. அன்றே வாய்க்காலின் கரையிலிருந்து கோடு இழுத்தேன். புதன் காலை பிளேட்டை எடுத்தபோது கோடு கரையைத் தொட்டு நின்றது.

பிளேட்டை மேஜரிடம் கொண்டுபோனேன். சன்னலில் சாய்த்தார். மூன்று முறை தட்டினார்.

“தெளிவாக இருக்கிறது” என்றார். “யாருடையது?”

நோயாளி எண்ணைச் சொன்னேன். உறவைச் சொல்லவில்லை. அவர் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் அங்கேயே நின்றேன். தடை செய்த சொல்லை எழுத, நான் கேட்காத அனுமதியை அவர் கொடுப்பார் என்று காத்து நின்றேன். அவர் அடுத்த பிளேட்டை எடுத்துக்கொண்டார்.

நண்பகலில் வார்டுக்கு நடந்தேன். தம்பி கன்னம் ஒட்டிப் படுத்திருந்தான். என்னைக் கண்டதும் கேட்டான்:

“அண்ணே, என் பயிர் எப்படி? விளைஞ்சிருக்கா?”

“நன்றாக விளைந்திருக்கிறது.”

“வீட்டு ஆளுன்னு நல்ல இடமாப் பார்த்து விதைச்சியா?”

வார்டு மருத்துவர் சாமுவேல் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சென்றார். பிளேட்டில் கண்டதைச் சொன்னேன்.

“நீங்க சொல்றதை நான் நம்புறேன், மிஸ்டர். ஆனா நம்பிக்கையை சார்ட்ல குத்தி வைக்க முடியாது. முத்திரை போட்ட தாள் வேணும். எதிர்க்குதுன்னு ஒரு வார்த்தை இருந்தா இப்பவே சல்ஃபாவை நிறுத்திட்டு உப்புத் தண்ணி மட்டும் ஏத்துவேன்.”

“அந்தச் சொல்லை எழுத முடியாது.”

“தாமதம்னு எழுதினா இரட்டிக்கணும். அவர் உடம்புல தண்ணியே இல்ல. அவ்வளவு மருந்து போனா சிறுநீரகத்துல மணலா உறைஞ்சிடும். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லை. நிலையத்துக்குத் திரும்பி, தாளைத் தட்டச்சில் ஏற்றி, ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். எழுதிய கையைப் பற்றி மேஜர் சொன்னது நினைவில் இருந்தது. படித்தவனுக்குத் துணிவு குறையும்போது சொல்வளம் பெருகும். ‘குறிப்பிடத்தக்க தாமதம்’ என்று எழுதினேன், கிழித்தேன். ‘கீழ்ப்படியும் அறிகுறி இல்லை’ என்று எழுதினேன், அது தடை செய்யப்பட்ட சொல்லைவிட ஆபத்தாகத் தோன்றியது, கிழித்தேன். இறுதியில் ‘கீழ்ப்படிய மிக மிகத் தாமதம்’ என்று எழுதினேன். சாமுவேல் அறிவாளி, இரண்டு ‘மிக’வைக் கண்டதும் குறிப்பை உணர்ந்து, அதையே சாக்காக வைத்து மருந்தை நிறுத்துவார் என்று கணக்கிட்டேன். சின்னத்தம்பி அதன் கீழேயே ஜப்பானியத்தில் சொல் பிசகாமல் பெயர்த்தார். முத்திரையுடன் தாள் அன்று மாலையே வார்டுக்குப் போயிற்று.

வியாழன் காலை சாமுவேலை ஒரு தொழிலாளர் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டு, டிரஸ்ஸர் எனப்படும் ஒரு மருத்துவ உதவியாளரின் பொறுப்பில் இருந்தது, ஒழுங்கான மனிதர். தாமதம் என்றால் இரட்டிப்பு. மிக மிகத் தாமதத்துக்கு என்ன என்று சுற்றறிக்கையில் இல்லை. அவர் பகுத்தறிந்து, இரட்டிப்பை மீண்டும் இரட்டித்தார்.

வியாழனன்று நிலையத்தில் ஆய்வு. மேலதிகாரிகள் வந்து இன்குபேட்டரை வணங்கிச் சென்றார்கள். வெள்ளி காலைதான் என்னால் வார்டுக்குப் போக முடிந்தது. தம்பியின் முகம் ஊதியிருந்தது. முந்தைய நாளிலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. டிரஸ்ஸர் என் தாளை எடுத்துக்காட்டி, சொன்னபடி செய்ததாகப் பணிவுடன் தெரிவித்தார். அடியில் என் கையெழுத்து இருந்தது.

நிலையத்துக்கு ஓடினேன். அந்த வயதிலும் நான் தெருவில் ஓடும் வழக்கம் இல்லாதவன். தாளை ஏற்றினேன். ‘எதிர்க்கிறது. மருந்தை நிறுத்துக’ என்று எழுதி, சின்னத்தம்பியின் மேசையில் வைத்து, “மேஜரிடம் நானே கொண்டுபோகிறேன்” என்றேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெயர்த்து எழுதினார். பிறகு தம் மேசை இழுப்பறையைத் திறந்து, மேஜரின் முத்திரையை எடுத்துக் குத்தினார்.

“மேஜர் பார்க்க வேண்டாமா?”

“அந்தாள் மன்னிப்பு எழுதின நாளிலை இருந்து ஒரு அறிக்கையும் வாசிக்கிறேல்லை. வாசிச்சாத்தானே பொறுப்பு. முத்திரையை என்னட்டைத் தந்து கனகாலம்.”

“போலீஸ்?”

“அவங்கள் அந்தக் கிழமையோடை மறந்திட்டாங்கள். இந்தத் தாளெல்லாம் வார்டைத் தாண்டி ஒரு இடமும் போறேல்லை காணும்.”

“இதை ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?”

சின்னத்தம்பி என்னை வியப்புடன் பார்த்தார். அவர் தீயவர் அல்லர்.

“நீர் கேக்கேல்லையே” என்றார். “நல்ல சொல்லொண்டு கண்டுபிடிச்சு எழுதிக்கொண்டிருந்தீர். உமக்கு அது பிடிச்சிருக்கு எண்டு நினைச்சன்.”

காதர் வாசலில் நின்று கேட்டிருந்தார். தம் சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டார்.

டிரஸ்ஸர் தாளை வாங்கி, ஒரு கேள்வியும் கேட்காமல், சார்ட்டின் குறுக்கே கோடு இழுத்தார். சல்ஃபா நின்றது. அதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

தம்பிக்கு அப்போது நினைவு இருந்தது. “என்ன தாள் அண்ணே?” என்றான். மருந்தை மாற்றியிருக்கிறது என்றேன். “நல்லதா?” என்றான். நல்லது என்றேன். அவனிடம் நான் சொன்ன பொய்கள் மிகக் குறைவு, அது ஒன்று.

சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன் இறந்தான். அன்று காலைதான் சாமுவேல் முகாமிலிருந்து திரும்பியிருந்தார். இறப்புச் சான்றிதழை என் எதிரிலேயே நிரப்பினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

“வயித்துக்கடுப்புன்னு எழுதினா கொட்டகையை முழுக்க அடைச்சிடுவாங்க, உள்ள இருக்கிறவங்களோட. சிறுநீரகம்னு எழுதினா மருந்தைப் பத்திக் கேப்பாங்க, டிரஸ்ஸரைப் பிடிப்பாங்க. நீங்க படிச்சவங்க. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, மிஸ்டர்.”

இம்முறை நான் சொல் கொடுக்கவில்லை. அவரே ‘இருதயம் நின்றது’ என்று எழுதி, உறவினர் கையெழுத்திடும் இடத்தை விரலால் காட்டினார்.

பொய் என்று சொல்ல முடியாது. நின்றுதான் இருந்தது. கையெழுத்திட்டேன்.